நாவடித் தவளை: ஒரு நோய்ப்பெயரின் வரலாறு

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக இராஜபாளையம் செல்லும் சாலையில், கரிசல் காடுகளுக்கு நடுவே அமைந்துள்ள ஊர் டி. கல்லுப்பட்டி. சில ஆண்டுகளுக்கு முன்னர் அங்குள்ள எம் உறவினர் இல்லமொன்றில் ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கு நாவின் அடியில் ஒரு வீக்கம் தோன்றியது. வலி இல்லை, காய்ச்சலும் இல்லை. குழந்தை வாயை அகலத் திறந்து நாவை மேலே தூக்கினால், வலப்புறத்தில் திராட்சைப் பழம் அளவுக்கு நீலம் பாய்ந்த, ஒளி ஊடுருவுகின்ற ஒரு கொப்புளம் தெரியும். உணவு உண்ணும்போது நாவை அது மேலே தள்ளியது. 'ர', 'ல' முதலிய ஒலிகள் குழறத் தொடங்கின.

அக்கம்பக்கத்தில் ஒருவர் ஊசியால் குத்தி நீரை வெளியேற்றினார். முட்டையின் வெண்கருவைப் போன்ற வழுவழுப்பான நீர் வெளிவந்தது. கொப்புளம் உடனே சப்பிப் போனது. வீட்டார் நிம்மதியடைந்தனர். மூன்று வாரத்தில் அது முன்பிருந்த அளவுக்கே மீண்டும் எழுந்தது. மறுபடி குத்தினர், மறுபடி எழுந்தது. வீட்டின் பெரியவர் உருது பயின்றவர். இப்னு ஸீனாவின் 'அல்-கானூன்' நூலுக்கு குலாம் ஹஸனைன் கன்தூரி செய்த உருது மொழிபெயர்ப்பின் பழைய லக்னோ அச்சுப்படி அவரிடம் இருந்தது. வாய், நாவு பற்றிய பகுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதன் பெயர் ளிஃப்தஃ. தவளை என்று பொருள்" என்றார். பின்னர் மதுரைக்கு அழைத்துச் சென்று காட்டியபோது, அங்கிருந்த அறுவை மருத்துவரும் அதே பெயரைத்தான் இலத்தீன் மொழியில் சொன்னார். ரானுலா, அதாவது சிறு தவளை. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார்: "நாங்கள் இந்தக் கொப்புளத்தை எடுக்கப் போவதில்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கும் சுரப்பியை எடுக்கப் போகிறோம்."

பெரியவருக்கு இது விளங்கவில்லை. வீக்கம் ஓரிடத்தில் இருக்க, கத்தி வேறோரிடத்தில் ஏன் பட வேண்டும்? அவருடைய நூலில் அப்படி ஒன்றும் இல்லை. ஆயிரம் ஆண்டு மருத்துவ வரலாறு அந்தக் கேள்விக்குள் அடங்கியிருப்பதை, பின்னர் நூல்களைத் தேடத் தொடங்கியபோதுதான் உணர்ந்தேன்.

தவளையும் துணைநாவும்

நோய்க்குத் தவளையின் பெயரைச் சூட்டியவர்கள் கிரேக்கர்கள். அவர்கள் மொழியில் 'பத்ராகோஸ்' என்றால் தவளை. கி.பி. 7 ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் மருத்துவம் பயின்ற ஏஜினா நகரத்துப் பவுல் இப்பெயரால் நாவடி வீக்கத்தைக் குறிப்பிடுகிறார். பெயருக்கு இரு காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. தவளையின் வயிற்றுத் தோலைப் போல் பளபளக்கும் நிறம் என்பது ஒன்று. வீக்கம் பெருத்தவரின் பேச்சு தவளைக் குரல் போல் ஒலிக்கும் என்பது மற்றொன்று. முதற்காரணமே பொருத்தமாகத் தோன்றுகிறது. மழைக்காலத்து இரவில் கண்மாய்க் கரையில் தொண்டையை உப்பிக் கத்தும் தவளையைக் கண்டவர்க்கு இதில் ஐயம் எழாது.

உரோமானியரான செல்ஸஸ் பெயரிடுவதில் அக்கறை காட்டவில்லை. நாவின் அடியில் ஒரு உறைக்குள் தங்கும் திரவம் எனக் கண்டு, சிறியதாயின் ஒருமுறை கீறினால் போதும் என்றும், பெரியதாயின் தோலைக் கீறி, கொக்கியால் பற்றி, உறையைச் சுற்றிலும் விடுவித்து எடுக்க வேண்டும் என்றும் எழுதினார். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த இவ்விளக்கம் வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவானது.

நம் நாட்டு மரபு வேறு உருவத்தைக் கண்டது. சுச்ருத ஸம்ஹிதை நாவின் நோய்களுள் ஒன்றாக 'உபஜிஹ்விகா' என்பதைக் கூறுகிறது. நாவின் நுனியைப் போன்ற வடிவில் கீழிருந்து எழுந்து நாவைத் தூக்கும் வீக்கம். உமிழ்நீர் மிகுதியாகச் சுரக்கும். இக்கால அறிஞர் பலர் இதனை ரானுலாவாகவே அடையாளம் காண்கின்றனர். கிரேக்கர் கண்ணுக்குத் தவளையாகத் தெரிந்தது, இந்திய வைத்தியர் கண்ணுக்கு நாவின் கீழ் முளைத்த இன்னொரு சிறு நாவாகத் தெரிந்திருக்கிறது. அதற்குச் சுச்ருதர் கூறும் சிகிச்சை, வீக்கத்தைச் சுரண்டிவிட்டுக் காரத்தைத் தேய்ப்பது.

தமிழில் நிலைமை சற்று வேறானது. சித்த மருத்துவத்தின் பாலவாகட நூல்கள் குழந்தைகளின் வாய்ப்புண்ணை 'அக்கரம்' என விரிவாகப் பேசுகின்றன. தேரையின் பெயரால் ஒரு குழந்தை நோயும் உண்டு. ஆனால் அது வாயில் வருவதன்று. குழந்தை உடல் மெலிந்து வற்றிப் போவதைத் 'தேரை தோஷம்' என்பர். உள்ளீடற்றுப் போன தேங்காயைத் 'தேரை விழுந்த தேங்காய்' என்று சொல்வதும் அதே வழக்குத்தான். ஆக, நம் தேரை குழந்தையை வற்றச் செய்தது. கிரேக்கரின் தவளை குழந்தையின் வாயில் நீர் கோத்தது. கல்லுப்பட்டியில் அவ்வீட்டு மூதாட்டியொருவர், பெரியவர் 'தவளை' என்று சொன்னதைக் கேட்டு, குழந்தை மெலியப் போகிறதென அஞ்சி அழுததற்கு இந்தக் குழப்பமே காரணம்.

பாக்தாத் வழியாக

இவ்விரு மரபுகளும் ஒரே நகரில் சந்தித்தன. அப்பாஸியர் காலத்துப் பாக்தாதில், பர்மகீ குடும்பத்து அமைச்சர் யஹ்யா இப்னு காலிதின் ஆணைப்படி, மன்கா என்னும் இந்திய மருத்துவர் சுச்ருதரின் நூலை அரபியில் விளக்கினார் என்று இப்னுந் நதீம் தம் 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' நூலில் பதிவு செய்துள்ளார். அடுத்த நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809-873) ஏஜினாப் பவுலின் நூலை அரபியாக்கினார். அர்ராஸி (865-925) தம் 'அல்-ஹாவி'யில் கிரேக்க ஆசிரியர்களோடு சுச்ருதரையும் பெயர் சுட்டி எடுத்தாள்கிறார். 'பத்ராகோஸ்' அரபியில் 'ளிஃப்தஃ' ஆனது. உபஜிஹ்விகா என்ற பெயர் நிலைக்கவில்லை, தவளையே வென்றது.

இப்னு ஸீனா (980-1037) 'அல்-கானூன்' மூன்றாம் நூலில் இதனைப் பற்றிச் சில வரிகளே எழுதுகிறார். நாவின் கீழ் உண்டாகும், சுரப்பிக் கட்டியை ஒத்த திண்மையான பொருள். நாவின் மேற்பரப்பு நிறமும் நாளங்களின் நிறமும் கலந்து தவளையின் நிறத்தைக் காட்டும். கெட்டியான பிசுபிசுப்பு ஈரமே காரணம். நவச்சாரம், காடி, உப்பு முதலிய அரித்துக் கரைக்கும் மருந்துகளை முதலில் தேய்த்துப் பார்க்க வேண்டும். அவை பயன் தராவிடில் கைவேலை, அதாவது அறுவை. நவச்சாரம் நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் புழங்கிய சரக்குத்தான். காரத்தைத் தேய்க்கச் சொன்ன சுச்ருதருக்கும் நவச்சாரத்தைத் தேய்க்கச் சொன்ன இப்னு ஸீனாவுக்கும் இடையிலுள்ள நெருக்கம் கவனிக்கத்தக்கது. ஒருவரிடமிருந்து மற்றவர் பெற்றதாகச் சொல்ல இது மட்டும் போதாது. மென்மையான ஒரு வீக்கத்தின் மீது எரிக்கும் மருந்தைத் தேய்ப்பது எவருக்கும் தோன்றக்கூடிய வழியே.

இங்கு ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க இயலாது. இப்னு ஸீனா 'ஃகுத்தா' என்ற சொல்லை ஆண்டிருப்பதைக் கொண்டு, இக்கட்டி உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எழுவதை அவர் அன்றே அறிந்திருந்தார் என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறேன். இது ஏற்கத்தக்கதன்று. பழைய அரபு மருத்துவ வழக்கில் அச்சொல் தோலின் கீழ் உருண்டு திரண்ட எந்தக் கழலையையும் குறிக்கும். உமிழ்நீரைச் சுரக்கும் உறுப்பு என்ற கருத்தோடு அவர் அச்சொல்லை இங்கே ஆளவில்லை. 'அதை ஒத்தது' என்று உவமையாகவே கூறுகிறார். நம் முன்னோர் கண்டவற்றின் பெருமைக்கு, அவர்கள் காணாதவற்றை ஏற்றிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. அவர்கள் உண்மையில் கண்டது எவ்வளவு என்பதற்கு அல்-ஸஹ்ராவியே சான்று.

குர்துபாவின் கத்தி

அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அல்-ஸஹ்ராவி (936-1013) ஸ்பெயினின் குர்துபா நகருக்கருகே எழுப்பப்பட்ட மதீனதுஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர். அவருடைய 'அத்தஸ்ரீஃப்' முப்பது பாகங்கள் கொண்டது. இறுதிப் பாகம் முழுவதும் அறுவை மருத்துவம் பற்றியது: சூடிடுதல், கீறுதல், எலும்பு கட்டுதல் என மூன்று பிரிவுகள். ஏறத்தாழ இருநூறு கருவிகளின் படங்களோடு அமைந்த அந்நூல், 12 ஆம் நூற்றாண்டில் தொலைதோ நகரில் கிரமோனாவின் ஜெரார்டு என்பவரால் இலத்தீனாக்கப்பட்டு ஐரோப்பாவின் அறுவைப் பாடநூலாக விளங்கியது. 1778 இல் ஆக்ஸ்ஃபோர்டில் அரபு மூலம் இலத்தீன் பெயர்ப்புடன் அச்சேறியது. 1908 இல் நம் லக்னோவிலும் கல்லச்சில் வெளிவந்தது. ஸ்பிங்க், லூயிஸ் இருவரும் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்ட பதிப்பு 1973 ஆம் ஆண்டினது.

அந்நூலின் கீறுதல் பிரிவில் அடுத்தடுத்து இரு இயல்கள் நாவின் அடிப்பகுதியைப் பற்றியவை. முதலாவது, பேச்சைத் தடுக்கும் நாவடித் தசைக்கட்டை அறுப்பது. கத்தி ஆழமாகச் சென்று இரத்தக் குழாயை அறுத்துவிடலாகாது என்று அங்கே எச்சரிக்கிறார். அடுத்தது, ளிஃப்தஃ.

அவர் கூறும் முறையைச் சுருக்கமாகத் தருகிறேன். நோயாளியைச் சூரிய ஒளிக்கு எதிராக வாய் திறக்கச் செய்து முதலில் நன்றாகப் பார்க்க வேண்டும். வீக்கம் கறுத்து, கடினமாகி, உணர்ச்சியற்று இருந்தால் அதைத் தொடக்கூடாது, அது புற்று. வெண்மை சார்ந்து உள்ளே ஈரம் கொண்டதாக இருந்தால், கொக்கியால் பற்றி, நுண்ணிய கத்தியால் கீறி, எல்லாப் பக்கங்களிலும் விடுவித்து எடுக்க வேண்டும். இடையில் இரத்தம் மிகுந்தால் அன்னபேதி வகையைச் சேர்ந்த 'ஸாஜ்' பொடியை வைத்து, இரத்தம் நின்றபின் மீண்டும் பணியைத் தொடர வேண்டும். முழுவதும் நீங்கும்வரை விடக்கூடாது. பின்னர் காடியும் உப்பும் கொண்டு வாய் கொப்புளிக்கச் செய்ய வேண்டும்.

மயக்க மருந்து இல்லாத காலம். நோயாளி ஒரு குழந்தையாக இருப்பின், அந்த வாயைத் திறந்து வைக்க எத்தனை பேர் பிடித்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். வாயின் இருளில் கத்தி வைப்பவனுக்குச் சூரியனைத் தவிர வேறு விளக்கு இல்லை. அந்நிலையில் முதல் கட்டளை 'அறு' என்பதன்று, 'பார்' என்பது. இரண்டாம் கட்டளை, தொடக்கூடாததைத் தொடாதே என்பது. நிறம், திண்மை, உணர்ச்சி ஆகிய மூன்றையும் கொண்டு தீங்கற்ற நீர்க்கட்டியையும் புற்றையும் பிரித்தறியும் அந்த வரி, எம் மதிப்பில் அந்த இயலின் மையம். கருவிகளின் படங்களைப் பற்றி நம்மவர் நிறைய எழுதியுள்ளனர். இந்த வரியைப் பற்றி எழுதியவர் குறைவு.

இந்த நிதானத்துக்குப் பின்னணி உண்டு. முப்பதாம் பாகத்தின் முன்னுரையில், தம் காலத்தில் தம் நாட்டில் அறுவைக் கலை ஏறக்குறைய அழிந்துவிட்டது என்று அவர் வருந்துகிறார். உறுப்புகளின் அமைப்பை அறியாதவன் கத்தியை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாம் கண்ட நிகழ்ச்சிகளை எடுத்துரைக்கிறார். ஒரு பெண்ணின் கழுத்திலிருந்த கண்டமாலைக் கட்டியை அறியாமையுடைய மருத்துவன் ஒருவன் கீறியபோது, இரத்தக் குழாய்கள் அறுபட்டு, அவள் அவன் கண்முன்னேயே உயிர் துறந்தாள். நாவடியும் அத்தகைய இடந்தான். சுவையையும் தொடுவுணர்வையும் கொண்டு செல்லும் நரம்பும், கீழ்த்தாடைச் சுரப்பியின் நாளமும், இரத்தக் குழாய்களும் விரலளவு இடத்துக்குள் நெருங்கிக் கிடக்கின்றன.

15 ஆம் நூற்றாண்டில் அனத்தோலியாவின் அமாஸியா நகரில் ஷரஃபுத்தீன் ஸபுன்ஜூஓக்லு, அல்-ஸஹ்ராவியை அடியொற்றித் துருக்கி மொழியில் ஓர் அறுவை நூல் யாத்தார். 1465 இல் முற்றுப்பெற்ற அந்நூலில் கருவிகள் மட்டுமன்றி, மருத்துவரும் நோயாளியும் அமர்ந்திருக்கும் காட்சிகளும் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. குழந்தைகளுக்குச் செய்யும் அறுவைகளும் அவற்றுள் உண்டு. குழந்தை அறுவை மருத்துவத்தின் மிகப் பழைய படநூல் என்று இக்கால வரலாற்றாசிரியர் சிலர் அதனைக் குறிப்பிடுவது அதனாலேயே.

கை மாறிய கலை

நூல் வளர்ந்தது, கை தளர்ந்தது. பிற்காலத்தில் ஹகீம்கள் நாடி பார்த்து, மருந்தெழுதும் அறிஞர்களாயினர். கத்தி நாவிதர் கைக்குச் சென்றது. தமிழகத்தின் நிலையும் இதுவே. கட்டி கீறுதல், பல் பிடுங்குதல், சுன்னத்துச் செய்தல் யாவும் அவர்கள் பொறுப்பு. தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறன் அவர்களிடம் இருந்தது. ஆனால் அல்-ஸஹ்ராவியின் நூலை அவர்களுக்குப் படித்துக் காட்டியவர் இல்லை. படித்தவர்களோ கத்தியைத் தொடவில்லை. இராமதேவர் மக்கா சென்று யாகோபு என்ற பெயர் பெற்றார் என்னும் மரபுக்கதை வழங்கும் நம் தமிழ் மண்ணில், அரபு மருத்துவமும் சித்த மருத்துவமும் சரக்குகளில் கலந்த அளவுக்கு அறுவையில் கலக்கவில்லை.

அறுவை நூல் தமிழுக்கு வந்தது வேறு வழியில். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822-1884) தம் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவரும் மாணவர்களும் மொழிபெயர்த்த நூல்களுள் 'இரண வைத்தியம்' அறுவை பற்றியது. அல்-ஸஹ்ராவியின் கருத்துகள் பல நூற்றாண்டுகள் இலத்தீனிலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் சுற்றி, பிறர் கருத்துகளோடு கலந்து, இந்தச் சுற்றுவழியில் தமிழுக்கு ஓரளவு வந்து சேர்ந்தன எனலாம்.

நம் நாட்டு மருத்துவ முறைகளின் நிலையை ஆராயச் சென்னை மாகாண அரசு 1921 இல் ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் முஹம்மது உஸ்மான். அவர் பெயராலேயே உஸ்மான் குழு என அழைக்கப்பட்ட அது 1923 இல் அறிக்கை அளித்தது. அதன் விளைவாக 1925 இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டு, சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்டன. கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி அதன் முதல்வர். உடற்கூறும் அறுவையும் அறியாமல் எந்த மருத்துவமும் முழுமை பெறாது என்ற கருத்து அங்கே இடம்பெற்றிருந்தது. குர்துபாவில் ஒருவர் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் வருந்தி எழுதியது அதுவேயன்றோ!

மீண்டும் எழும் தவளை

இனி, கல்லுப்பட்டிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். நூல்கள் இத்தனை சொல்லியும் தவளை ஏன் திரும்பத் திரும்ப எழுந்தது?

திரும்ப எழுகிறது என்பதை ஐரோப்பியர் நன்கறிந்திருந்தனர். 16 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே, கத்தியால் கீறினால் மறுபடி நிறைந்துவிடுகிறது எனக் கண்டு, துளையிட்ட வளைந்த தகட்டை வாயில் வைத்து அதன் வழியே பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடிட்டார். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டுப்புயித்ரான், கீறிய வாய் மூடிக்கொள்ளாதிருக்கச் சட்டைப் பொத்தான் போன்ற இருதலைக் குமிழ் ஒன்றைச் செய்து பொருத்தினார். வேறு சிலர் நூலைக் கோத்து விட்டனர், அயோடினைச் செலுத்தினர். எல்லோரும் கொப்புளத்தோடேயே போராடினர்.

இடையில் உடற்கூற்றியல் வளர்ந்தது. 1656 இல் தாமஸ் வார்ட்டன் கீழ்த்தாடைச் சுரப்பியின் நாளத்தை விவரித்தார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ரிவினுஸ், பார்த்தோலின் ஆகியோர் நாவடிச் சுரப்பியின் சிறு நாளங்களை விவரித்தனர். உடனே, வார்ட்டன் நாளம் அடைபட்டு உப்புவதே தவளை என்ற கருத்து எழுந்தது. கேட்பதற்கு மிகப் பொருத்தமானது. வாய்க்கால் அடைபட்டால் நீர் தேங்கத்தானே செய்யும்? இந்த நேர்த்தியான விளக்கம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவரைத் தவறான திசையில் நடத்தியது.

அதனை ஐயத்துக்கு இடமின்றி அசைத்தவர்களுள் ஒருவர் நம் துணைக்கண்டத்தில் பிறந்தவர். பிரிக்கப்படாத பஞ்சாபின் ரஸூல் என்ற ஊரில் 1923 இல் பிறந்த சுரிந்தர் நாத் பாஸ்கர், அமெரிக்கா சென்று பல் மருத்துவ ஆய்வாளராகி, 1975 முதல் 1978 வரை அந்நாட்டு இராணுவப் பல் மருத்துவப் பிரிவின் தலைவராக மேஜர் ஜெனரல் பதவியில் விளங்கினார். 1956 இல் போல்டன், வைன்மன் ஆகியோருடன் இணைந்து அவர் வெளியிட்ட ஆய்வு எலிகளைக் கொண்டு செய்யப்பட்டது. உமிழ்நீர் நாளத்தைக் கட்டி அடைத்தபோது கொப்புளம் உண்டாகவில்லை, சுரப்பிதான் சுருங்கியது. நாளத்தை அறுத்துவிட்டபோது, கோழைநீர் சுற்றியுள்ள திசுக்களில் கசிந்து தேங்கிக் கொப்புளமாயிற்று. ஆக, காரணம் அடைப்பன்று, உடைப்பு. குழந்தைகள் கீழுதட்டைக் கடித்துக்கொள்வதால் உதட்டின் உட்புறம் தோன்றும் சிறு நீர்க்கொப்புளங்களுக்கும் காரணம் இதுவே.

நம் உடலில் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று இணை. காதின் முன்னுள்ளதும் கீழ்த்தாடையின் கீழுள்ளதும் பெரும்பாலும் உணவின் சுவையோ மணமோ தூண்டும்போதுதான் மிகுதியாகச் சுரக்கின்றன. நாவடிச் சுரப்பியோ தூண்டுதலின்றியே இடைவிடாது கோழைநீரைச் சுரந்துகொண்டிருப்பது. அதன் சிறு நாளமொன்று அறுந்தால் கசிவு நிற்பதில்லை. உடல் அக்கசிவைச் சுற்றி ஒரு மெல்லிய சுவரை எழுப்புகிறது. அச்சுவர் உண்மையான நீர்க்கட்டியின் உள்தோலைக் கொண்டதன்று, புண்ணாறும் திசுவாலானது. ஊசியால் குத்தினால் நீர் வடியும். ஊற்று அப்படியே இருக்கும். சுவரை முழுவதும் உரித்தெடுத்தாலும் ஊற்று அப்படியே இருக்கும். சில வேளை அது வாய்க்குள் மட்டும் நில்லாமல், தாடையின் கீழுள்ள தசையில் இயல்பாகவே அமைந்த இடைவெளி வழியே இறங்கிக் கழுத்தில் வீங்குவதும் உண்டு.

சுரப்பியையே எடுத்துவிடுவது என்ற முறையை 1969 இல் அமெரிக்க மருத்துவர் கட்டோன் முதலியோர் வலியுறுத்தினர். 1988 இல் கனடாவின் டொரன்டோ நகரில் 26 குழந்தைகளின் அனுபவத்தைத் தொகுத்து வெளியிட்ட கிரிஸ்டேல் முதலியோரும் அதையே பரிந்துரைத்தனர். மற்ற சுரப்பிகள் இருப்பதால் வாய் வறண்டுவிடுவதில்லை. எனினும் எல்லாக் குழந்தைக்கும் உடனே கத்தி வேண்டுமென்பதில்லை. பிறந்த குழந்தைகளில் நாளத்தின் வாய் திறவாமையால் உண்டாகும் கொப்புளங்கள் சில தாமே உடைந்து மறைகின்றன. சிறு குழந்தைகளில் மூச்சுக்கோ உணவுக்கோ இடையூறு இல்லாவிடில் சில மாதங்கள் காத்திருந்து பார்ப்பதையும் இக்கால மருத்துவர் ஏற்கின்றனர். கொப்புளத்தின் மேற்கூரையை வெட்டி ஓரங்களைத் தைத்துத் திறந்து வைக்கும் எளிய முறையும் இன்றும் கையாளப்படுகிறது. ஆனால் அதில் தவளை திரும்பும் வாய்ப்பு கூடுதல்.

இவ்வறிவோடு அல்-ஸஹ்ராவியிடம் திரும்பிச் செல்லும்போது, முழுவதும் நீங்கும்வரை விடாதே என்ற அவர் கட்டளை புதிய பொருள் தருகிறது. அவருக்குச் சுரப்பி தெரியாது. எனினும் கொக்கியால் பற்றி நாற்புறமும் விடுவித்தெடுக்கும்போது, கொப்புளத்தோடு ஒட்டியிருந்த சுரப்பியின் ஒரு பகுதியும் சிலரிடத்தில் கூடவே வந்திருக்கக் கூடும். அவர்கள் குணமாகியிருப்பர். அவ்வாறு வராதவர்களுக்கு மீண்டும் எழுந்திருக்கும். தம் கட்டளை ஏன் ஒருவரிடம் பலித்து மற்றவரிடம் பலிக்கவில்லை என்பதை அறிய அவருக்கு வழியில்லை. இது எம் ஊகமே; நூலில் எழுதப்பட்டதன்று.

கல்லுப்பட்டிப் பெரியவர் அறுவைக்கு ஒப்புக்கொள்ளப் பத்து நாட்கள் எடுத்துக்கொண்டார். நாவின் நரம்புக்கு ஊறு நேருமா என்பதையே அவர் மருத்துவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். மருத்துவர் பொறுமையாக ஒரு தாளில் நாவின் அடிப்பகுதியை வரைந்து, நாளம் எங்கே, நரம்பு எங்கே, தாம் எங்கே கத்தி வைப்பார் என்பதைக் கோடிட்டுக் காட்டினார். நரம்புக்குச் சிறு ஆபத்து உண்டு என்பதையும் மறைக்கவில்லை. குழந்தை மயக்கத்தில் இருக்க, ஒளிவிளக்கின் கீழ், வலப்புற நாவடிச் சுரப்பி அகற்றப்பட்டது. பாதாம் பருப்பு அளவில் வெளிறிய ஒரு சதைத் துண்டு. அதனைச் சிறு குப்பியில் இட்டு வெளியே கொண்டு வந்து காட்டினார்கள். கொப்புளத்தின் சுவரைத் தனியே உரிக்கவில்லை; ஊற்று நீங்கியதால் அது தானாகவே வற்றியது. ஓராண்டு கடந்து குழந்தையைக் கண்டபோது, 'ர'வும் 'ல'வும் தெளிவாக ஒலிக்க, பள்ளிக்கூடப் பாட்டொன்றைப் பாடிக் காட்டினாள்.

பெரியவர் அந்த மருத்துவரின் கோட்டுப் படத்தைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். அல்-கானூனின் உருதுப் படியில், ளிஃப்தஃ பற்றிய பக்கத்தில், அது மடித்து வைக்கப்பட்டிருப்பதைக் காட்டினார்.